நான்காம் வேற்றுமை

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை, மூன்றாம் மாடி.
நகம் நீலமாகும் அளவுக்கு ஏர்கோன்.
ஷோ காஸ் கடிதம் தட்டிக்கொண்டிருக்கிறேன்.
மிஸ்டர் ஃபூ ஓரத்தில் பென்சிலால்
ஒரு சொல்லைக் குறித்துவிட்டுப் போயிருக்கிறார்:
டான்டமவுண்ட்.
கடிதத்தில் இது கண்டிப்பாக வர வேண்டுமாம்.

'சொல்லாமல் மூன்று நாள் வராதது
டான்டமவுண்ட் மிஸ்கண்டக்ட்' என்று அடித்தேன்.
பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது.
'டு' எங்கே?

அகராதியை மேசைக்கடியில் வைத்துப் பார்த்தேன்.
விநோதமான பெயரடை.
பெயருக்கு முன்னால் வந்து நிற்காது.
டான்டமவுண்ட் வானம் கிடையாது
டான்டமவுண்ட் மீகூன் கிடையாது
'இஸ்' என்கிற படி ஏறி வந்து
'டு' என்று கையை நீட்டி
எதையாவது பற்றிக்கொண்டால்தான் அதற்குக் கால்.
நம்முடைய 'கு' மாதிரி.
குற்றத்துக்கு. திருட்டுக்கு. ராஜினாமாவுக்கு.
எடுத்துக்காட்டுகள் அத்தனையையும் படித்தேன்
நல்லது ஒன்றையும் அது தொட்டதாகத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் லைன் மங்களேஸ்வரி வந்தாள்
கண்ணைச் சுற்றி மைக்ராஸ்கோப் அழுத்திய வட்டத்தோடு.
விரலை அந்தச் சொல்லின்மேல் வைத்தாள்.
"இது என்னக்கா?"
"சமம்னு அர்த்தம்."
"எது? எதுக்கு?"
"நீ வராதது. ஒழுங்கீனத்துக்கு."

ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.
அதற்குப் படிவத்தில் ஏழு வரி விட்டிருந்தார்கள்.

என் பேனாவை வாங்கினாள்.
மூடியைக் கடித்தபடி, பெரிய எழுத்தில்:
த்ரீ டேஸ் இஸ் டான்டமவுண்ட் டு த்ரீ டேஸ் ஒன்லி.
"டு போட்டுட்டேன்லக்கா?"
போட்டிருந்தாள்.

கீழே பட்டர்வொர்த் பஸ் ஹார்ன் அடித்தது.
பாலத்தில் நெரிசல் தொடங்கும் நேரம்.
எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.
இரண்டாவது வரி:
லெவன் இயர்ஸ் இஸ் டான்டமவுண்ட் டு
அவ்வளவுதான்.
பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது
பிறகு என் மேசைக்கு வந்தது, மூடி ஈரமாக.
ஐந்து வரி வெறுமையாக மிச்சம்.
பஸ்ஸுக்கு ஓடினாள்.

அந்த 'டு' கையை நீட்டியபடியே இருந்தது.
வேறு யாராவது எழுதி முடிக்கலாமா என்று பார்த்தேன்.
எனக்கும் ஒன்பது வருஷம் ஆகிறது.

ஸ்கேன் செய்து மாடிக்கு அனுப்பினேன்.
மறுநாள் காலை வந்தது, அதே பென்சிலில்,
ஓரத்தில் ஒற்றைச் சொல்:
இன்கம்ப்ளீட்.

அதுவும் பெயரடைதான்.
சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார்.