புகை தின்ற பாதி

பதினான்கு வயதில் முதல் சிகரெட்.
பத்தொன்பதில் முதல் குரல்.
எது முந்தி என்று
வருகிற மருத்துவரெல்லாம் கேட்பார்கள்.
சிகரெட்தான், டாக்டர்.
அது ஒன்றுதான்
நான் கூப்பிட்டு வந்தது.

டண்டீயில்,
ஆற்றுக்காற்று ஒரு தீக்குச்சியையும்
முழுசாக எரியவிடாத ஊரில்,
ஆறாம் வார்டின் பின்கதவுக்கு வெளியே
ஒரு தகரக் கூரை.
புகைக்கத் தடை என்ற பலகை.
பலகைக்குக் கீழே நாங்கள் ஐந்து பேர்.
"நெருப்பு இருக்கா?"
ஒரு நாள் முழுக்க ஒரு மனிதன் என்னைக் கேட்டது
அது மட்டுமாக இருந்த நாட்கள் உண்டு.
மற்றவர்கள் மனநிலையைக் கேட்டார்கள்,
ஒன்றிலிருந்து பத்துக்குள்.

விட்டுவிடு என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.
பாவம், அதாவது இருக்கட்டும் என்றார்கள்.
அந்தக் காலத்தில்
அடம்பிடிக்காமல் மாத்திரை விழுங்கினால்
கூலி ஒரு சிகரெட்.

அந்த இரக்கம் வில்லி கெயர்ன்ஸைக் கொன்றது.
ஐம்பத்து மூன்று வயது.
பாலத்துக்கு வா, பாலத்துக்கு வா என்று
குரல்கள் முப்பது வருடம் அழைத்தன.
அவன் போகவில்லை.
நுரையீரல் அழைக்கவில்லை,
இழுத்துக்கொண்டு போயிற்று.
அவன் பெட்டியைத் தூக்கியவர்கள் நாலு பேர்.
நாலு பேருக்கும் இருமல்.

பிறகு செவிலி மோர்வென் வந்தாள்,
பேனாவைவிடத் தடித்த ஒன்றை
மேசைமேல் வைத்தாள்.
"நல்லதென்று சொல்ல மாட்டேன்.
இதைவிடக் கெட்டது உன் பையில் இருக்கிறது."
தலைக்கு வந்தது தொப்பியோடு போய்விடுமா என்றேன்.
"கொஞ்சம் முடியும் போகும்" என்றாள்.
அப்படிப் பேசுகிறவளை நம்பலாம்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
இதில் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை.
ஆவி.
உடம்பில்லாமல் பேசுகிறவர்களோடு
இருபத்தெட்டு வருடம் குடித்தனம் செய்தவனுக்கு
ஆவி ஒன்றும் புதிதில்லை.
புதினா வாசம்தான் பிடிக்கவில்லை,
பல் துலக்கிக்கொண்டே அழுவதுபோல் இருந்தது.

முதல் வாரம் இரண்டையும் இழுத்தேன்.
இரண்டாம் வாரமும்.
மோர்வென் திட்டாமல் எழுதிக்கொண்டாள்:
முப்பத்தைந்து. இருபத்திரண்டு. ஒன்பது.
வில்லியின் நினைவுநாளன்று நாற்பத்தொன்று.
மறுபடி பதினொன்று.
பிறகொரு செவ்வாய்க்கிழமை
எண்ண ஒன்றுமில்லை.
அது செவ்வாய் என்பதையே
வெள்ளிக்கிழமைதான் கவனித்தேன்.

அப்புறம் தூக்கம் வந்தது,
நனைந்த கம்பளிபோல் மேலே விழுந்தது.
தலையணையெல்லாம் எச்சில்.
பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே தூங்கி
மூன்று பேருந்தை விட்டேன்.
ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்,
மருந்து ஏறிக் கிடந்தது.
ஒரு மாத்திரைகூட அதிகம் தின்னவில்லை,
அம்மாமேல் சத்தியம் என்றேன்.
"நீ தின்னவில்லை," என்றாள் மோர்வென்,
"இத்தனை காலமும் புகை தின்றது.
உன் மருந்தில் பாதியை அதுதான் தின்றது.
இப்போது பந்தியில் நீ மட்டும்."

நானூற்றைம்பது முன்னூறு ஆனது.
நான் விழித்தேன்.
நெஞ்சுக்குள் விசில் சத்தம் குறைந்திருந்தது.
குரல்கள் இருந்தன,
படியேறும்போது அவற்றுக்குத்தான்
முதலில் மூச்சு வாங்கியது.

இது குணமில்லை. தெரியும்.
இன்னும் ஒரு சின்னக் குழாயில்தான் கட்டிக் கிடக்கிறேன்,
கயிறு மட்டும் கொஞ்சம் நீளம்.

போன மாதம் ரத்தம் கொடுக்கப் போனபோது
தகரக் கூரைக்குக் கீழே புதிதாக ஒருத்தி,
மேலங்கியை உள்வெளியாகப் போட்டிருந்தாள்.
"நெருப்பு இருக்கா?"
சட்டைப்பையைத் தட்டினேன்,
கால்சட்டையைத் தட்டினேன்.
இல்லை.
அவள் என்னைக் கடந்து
நெருப்புள்ள ஒருவனிடம் போனாள்.
எந்த ரத்தப் பரிசோதனையிலும்
இது தெரியாது.

வரும் வழியில் ஒரு தீப்பெட்டி வாங்கினேன்.
எனக்கில்லை.
மோர்வெனிடம் இன்னும் சொல்லவில்லை.