இடது முன்சக்கரம்

"சத்தம் எப்ப இருந்து?" என்றார் ஏட்டையா,
எழுதும் கையை நிறுத்தி.

தேதி சொல்லத் தெரியவில்லை.
ஊரைச் சொன்னேன்.

உச்சிப்புளியில் அது வண்டு.
கண்ணாடியை ஏற்றினால் வெளியே போய்விடும்.
பத்து நடை கழித்துத் திருப்புல்லாணியில்
மாவு மில்.
அறுபதில் ஏறும், நாற்பதில் இறங்கும்,
வண்டியை நிறுத்தினால்
நானா என்பதுபோல் நிற்கும்.
வலது வளைவில் பாரமெல்லாம் இடப்பக்கம் சாய்கையில்
பல்லைக் கடிக்கும்.
இடது வளைவில் அமைதி.
நான் இடது வளைவுகளை நம்பினேன்.

ரீகன்தான் முதலில் சொன்னான்,
"அண்ணே, இது டயர் இல்ல. உள்ள."
பாட்டைக் கூட்டி வைத்தேன்.

பாம்பன் ஏலக் கொட்டகையில்
மீன்தண்ணீர் கணுக்கால் வரை நிற்கும்.
தினம் ரெண்டு தடவை அதில் இறக்கி ஏற்றிய வண்டி.
உப்பு அவசரப்படாது.
ரப்பர் சீலை முதலில் தின்றிருக்கிறது,
பிறகு கிரீஸ்,
பிறகு குண்டு ஒவ்வொன்றாய்.
நான் டயருக்கு மட்டும் காற்றுப் பிடித்தேன்,
வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வைத்தேன்.

மண்டபத்தில் பூமிநாதன் ஜாக்கி போட்டுத் தூக்கி
சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை
பிடித்து ஆட்டினான்.
டக்.
இன்னொரு தடவை. டக்.
பால்பல் ஆடுகிற மாதிரி.
"பிரேக் மிதி ஆழமாப் போகுதா?"
போனது. ரெண்டாவது மிதியில்தான் பிடித்தது.
"இல்லையே" என்றேன்.
"ஆயிரத்து எண்ணூறு. அரை நாள் வண்டி நிக்கணும்."
அரை நாளில் நண்டு செத்துவிடும்.
செத்த நண்டுக்குக் கம்பெனியில் விலை கிடையாது.
"இந்த நடை முடிச்சிட்டு வாரேன்."
அவன் ஜாக்கியை இறக்கியது
வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது,
அல்லது இப்போது அப்படித் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு நான்கு நடை.

பாலத்தின் மேல் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கியது.
சோழகக் காற்று என்றேன் ரீகனிடம்.
அன்று கொடிக்கயிறுகூட ஆடவில்லை.

ஏர்வாடி தாண்டியதும் ஒரு வாடை,
காய்ந்த சட்டியை அடுப்பில் மறந்த மாதிரி.
விடிய இன்னும் அரை மணி.
வாலிநோக்கம் விலக்கு தூரத்தில் தெரிந்தது.
சத்தம் நின்றது.
சட்டென்று, முழுசாக.
சரியாகிவிட்டது என்று
ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், ஏட்டையா.
அதையும் எழுதுங்கள்.

அப்புறம் என் விளக்கு வெளிச்சத்துக்குள்
ஒரு சக்கரம் என்னை முந்திப் போனது.
யாருடையது என்று பார்த்தேன்.

வண்டி மூக்கைத் தரையில் உரசிப் பொறி பறக்க
இடப்பக்கம் இழுத்தது.
மிதியை அழுத்தினேன், தரைவரை போனது,
அடியில் ஒன்றுமில்லை.
ஒரு கருவேல மூட்டில்தான் நின்றோம்.
நண்டுப்பெட்டி உடைந்து ரோடெல்லாம் ஐஸ்.
ரீகன் நெற்றியில் ரத்தம். பேசினான்.

விலக்கில் உப்பளத்து வேனுக்காக
ஐந்து பெண்கள் நின்றிருந்தார்கள்.
கடைசியில் நின்றவள் முத்திருளாயி,
குனிந்து கால் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
அவளுக்கும் பக்கத்தில் இருந்தவளுக்கும் நடுவே,
ஒரு முழம்கூட இராது,
அது போயிருக்கிறது.
தரையில் வைத்த தூக்குவாளியை
அப்பளமாக்கிவிட்டு, பனைமரத்தில் முட்டி
இன்னும் சுற்றிக்கொண்டு கிடந்தது.

ஓடிப் போய் நின்றேன். வார்த்தை வரவில்லை.
அவள் திட்டவில்லை.
புரியாமல்தான் கேட்டாள்,
"ஒரு சத்தங்கூட வரலியே தம்பி?"

ஆமாம்.
வண்டியோடு இருந்தவரைக்கும்தான் அது கத்தியது.
ஒரு மாதம், என் காலடியில், எனக்கு மட்டும்.
கழன்ற பின் அவளை நோக்கிப் போனபோது
பூனை.

ஏட்டையா 'உயிர்ச்சேதம் இல்லை' என்று எழுதி
அடியில் கோடு போட்டார்.
காரணம் என்ற இடத்தில் 'இயந்திரக் கோளாறு.'
கையெழுத்துப் போட்டேன்.
சட்டைப்பையில் ஒரு குண்டு கிடக்கிறது,
வெந்து மயில்கழுத்து நிறத்தில்,
ஒரு பக்கம் சப்பையாக.
உருளவில்லை.

தூக்குவாளிக்கு நூற்றறுபது ரூபாய் கேட்டாள்.
இருநூறு நீட்டினேன்.
சேலை முடிச்சை அவிழ்த்து
நாற்பதை எண்ணித் தந்துவிட்டு
வேன் ஏறினாள்.