முகட்டில் எல்லாரும் இறங்கவும்

வாரத்தில் ஐந்து நாள் தீவன ஆலையின் எடைமேடையில்
லாரிகளை நிறுத்து எழுதுவது என் வேலை.
உள்ளே வரும்போது ஓர் எண், வெளியே போகும்போது ஓர் எண்.
நடுவில் இருப்பதுதான் சோளம்,
மற்றதெல்லாம் இரும்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆலை மூடியபின்
என் சாம்பல்நிற டிராக்டரை அதே மேடையில் ஏற்றினேன்.
நாற்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி, என் தோளுயரம்.
டேங்கில் பெட்ரோலோடு ஆயிரத்து நூறு கிலோ.
பிறகு சர்ச்சின் தட்டை வண்டி: அறுநூறு.
பிறகு ஒரு வைக்கோல் கட்டு: பதினெட்டு.
விழாக் குழு கேட்டது இருபத்துநான்கு கட்டு,
இருபத்துநான்கு ஆள்.
பென்சிலால் கூட்டிப் பார்த்தேன்.
இழுக்கிறவனைப் போல இரண்டரை மடங்கு
இழுபடுகிறவன்.
அவனுக்குப் பிரேக்கும் கிடையாது.

சமதரையில் இது வெறும் கணக்கு.
விஸ்கான்சினில் எங்கள் பக்கம்
சமதரை என்பது சாப்பாட்டு மேசை மட்டும்தான்.

"பத்தே பேரா? வைக்கோல் சவாரியில் பத்தே கட்டா?"
பொருளாளர் ஆர்லிஸ் டோர்கெல்சன்
டிக்கெட் காசு டப்பாவைக் குலுக்கினார்.
"போன வருஷம் லைல் முப்பது பேரை ஏற்றினானே!"
லைலின் டிராக்டர் என்னுடையதைப் போல மூன்று என்றேன்.
வரிசை பூசணித் தோட்டம் வரை நீண்டிருந்தது.
யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
நான் மீதிக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன்.

கொக்கியைக் கீழே, இழுசட்டத்தில் மாட்டினேன்.
இருக்கையை ஒட்டி உயரத்தில் ஒரு துளை உண்டு,
குனியாமல் மாட்டலாம், ஆசை காட்டும்.
அங்கே மாட்டினால் ஏற்றத்தில்
முதலில் முன்சக்கரம் வானம் பார்க்கும்,
அப்புறம் நான் பார்ப்பேன்.
ஆணி. ஆணியின் துளையில் ஊக்கு.
குறுக்கே இரண்டு சங்கிலி.
வண்டி நிற்கும்வரை கால் தொங்கக்கூடாது என்று
ஸியோங் வீட்டுப் பிள்ளைகள் மூவரிடமும் தனித்தனியே சொன்னேன்.
பெரியவர்களிடம் இரண்டு தடவை.

இறக்கம் வருமுன்பே முதல் கியர்.
நடுவில் மாற்ற நினைத்துக் கிளட்சை மிதித்தால்
எஞ்சின் கைகழுவிவிடும்.
பிறகு நான் ஓட்டவில்லை,
ஓட்டப்படுகிறேன்.

இரண்டு சுற்று அப்படியே போயிற்று,
எறும்பு வேகத்தில்.
சிலர் கொட்டாவி விட்டார்கள். அது எனக்குச் சம்மதம்.

மூன்றாம் சுற்றில் தூறல்.
பெரிய தூறல்கூட இல்லை,
மேப்பிள் இலைகள் நனைகிற அளவு.
ஓடைக்கு இறங்கும் முகட்டில் நிறுத்தி
எல்லாரும் இறங்குங்கள் என்றேன்.
"இரண்டு டாலர் கொடுத்து நடப்பதா?"
இந்த முறை ஆர்லிஸே ஏறியிருந்தார்,
டப்பா மடியில்.
அவரும் இறங்கினார், கடைசியாக.
நான் கீழே போய் நிற்கும்வரை
வண்டிக்கு முன்னால் ஒருவரும் வரக்கூடாது என்றேன்.

காலி வண்டிதான். ஆனாலும் தள்ளியது,
திருவிழாக் கூட்டத்தில் பின்னால் நிற்பவர்
முதுகில் விரல் வைப்பதுபோல.
பாதி வழியில் வலது பின்சக்கரம் இலைமேல் வழுக்க,
டிராக்டரின் பின்புறம் ஒரு முழம் பக்கவாட்டில் போனது.
பிரேக்கைத் தொடவில்லை.
ஸ்டீயரிங்கை உடும்பாகப் பிடித்திருந்தேன்.
டயர் மண்ணைத் தேடியது.
கண்டுபிடித்தது.

திரும்பிப் பார்த்தேன், யாராவது கவனித்தார்களா என்று.
ஒருவரும் இல்லை.
மேலே ஆர்லிஸ் சறுக்கி உட்கார்ந்திருந்தார்,
டப்பா திறந்து காசெல்லாம் சரிவில்.
அத்தனை பேரும் குனிந்து
இலைகளுக்குள் நாணயம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்,
நாளின் முதல் சிரிப்போடு.

கீழே வந்து ஏறும்போது சின்னவள் பாஜுவா கேட்டாள்:
"உங்க டிராக்டர் பயந்துச்சா?"
கொஞ்சம், என்றேன்.
ஓடைப் பக்கம் குளிர் ஏறியிருந்தது. முழங்கால் நடுங்கியது,
அதைக் குளிர் என்றே வைத்துக்கொண்டேன்.

ஆர்லிஸ் காசை மறுபடி எண்ணினார்.
கால் டாலர் குறைகிறதாம்.
நான் ஆட்களை எண்ணினேன்.
பத்து.