மேசை மட்டத்தில் ஒரு விளக்கு

வேதியியல் துறை என்றால் எனக்குக் கவலையில்லை.
எதையாவது எதிலாவது ஊற்றுவார்கள்.
நிறம் மாறும், நுரை தள்ளும்,
இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.
பூச்சியியலில் ஒரு வண்டு
கேட்காமலே நடித்துக் கொடுத்தது.

வரலாற்றுத் துறையில் உர்வே
ஒரு கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

தார்த்து நகரம், டிசம்பர்.
மூன்றரை மணிக்கே சன்னலில் இரவு வந்து ஒட்டிக்கொண்டது.
"உங்கள் ஆய்வு ஏன் முக்கியம்?
ஒரே வாக்கியத்தில், லென்ஸைப் பார்த்து."
மக்கள் தொடர்பு அலுவலகத்துக் கெர்த்து
எழுதித் தந்த முதல் கேள்வி.
உர்வே யோசித்தார்.
எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியும்:
நாற்பத்தொரு நொடி.
ரேடியேட்டர் இரண்டு முறை இருமியது.
பிறகு சொன்னார்,
"ஒருவேளை..."

சரி, கையைப் படமெடுக்கலாம் என்றேன்.
பேச்சு காலை வாரும்போது கைதான் காப்பாற்றும்.
பக்கத்தைப் புரட்டுங்கள்.
மெதுவாக.
இன்னொரு முறை. மோதிரம் மின்னுகிறது.
இன்னொரு முறை.
அவர் மூக்குக்கண்ணாடியில் என் விளக்கு
இரண்டு நிலாவாக விழுந்ததால்
அதை இறக்கி மேசை மட்டத்தில் வைத்தேன்.
வெளிச்சம் தாளின்மேல் படுத்தபடி ஓடியது.

ஏழாவது புரட்டலில் கை நின்றது.
"அசையாதீர்கள்" என்றார் உர்வே,
நான் சொல்ல வேண்டிய வசனத்தை.

பண்ணையாட்களின் பட்டியல் அது.
இத்தனை மூட்டை ரை, இத்தனை கோழி,
நூற்றுத் தர வேண்டிய நூல்.
மாரெட் என்றொரு வேலைக்காரி,
பெயருக்கு எதிரே: இறந்தாள்.
அந்தச் சொல்லுக்குச் சற்று முன்னால்
யாரோ கத்தியால் சுரண்டிய இடம்.
மை போய்விட்டது.
இறகு அழுத்திய பள்ளம் போகவில்லை.
பள்ளத்தில் நிழல் ஊறி
ஒரு வளைவு எழுந்தது, பிறகு ஒரு வால்.

"ஓடிப்போனாள் என்றுதான்
முதலில் எழுதியிருக்கிறான், ஒருவேளை.
ஓடிப்போனவளைத் தேடி ஆள் அனுப்புவார்கள்.
செத்தவளுக்கு யாரை அனுப்புவது?
ஒருவேளை அவன்...
ஒருவேளை வெறும் எழுத்துப்பிழை."
அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது.
என் ஃபோகஸ் இன்னும் மோதிரத்திலேயே இருந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
அங்கிருந்து மாரெட்டிடம் நகர்த்தினேன்.

கெர்த்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"அழகு. உறுதியா?"
"இல்லை."
"அப்படியானால் வேண்டாம்."
அவளைக் குறை சொல்ல மாட்டேன்.
பன்னிரண்டு துறை, தலா மூன்று நிமிடம்,
சனவரியில் அமைச்சர் வருகை.
"ஒருவேளை"க்கு நிதி ஒதுக்கிய அமைச்சர்
இதுவரை பிறக்கவில்லை.

நாற்பத்தாறு நிமிடப் பதிவில்
பத்தொன்பது ஒருவேளை. எல்லாவற்றையும் வெட்டினேன்.
ஆற்றின்மேல் டிரோன், அடியில் வயலின்,
"கடந்த காலம் நம்மோடு பேசுகிறது" என்று
பல்வலிக்காரர்போல் உர்வே.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்.
வேதியியல் நுரையைப் பதினோராயிரம் பேர்.

வெட்டியதை வீசியெறியாத கெட்ட பழக்கம் எனக்கு.
உர்வே கேட்டபோது
ஒரு தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்தேன்.

பதினான்கு மாதம் கழித்துத் தபாலில் ஒரு ஆய்விதழ்.
படித்ததில் பாதி எனக்குப் புரியவில்லை.
அறுபத்தொன்றாம் அடிக்குறிப்பு புரிந்தது:
வெட்டப்படாத பதிவு, முப்பத்துமூன்றாம் நிமிடம்,
எட்டாவது நொடி.
விளக்கு: ரைகோ.

நேற்று இயற்பியல் துறை.
லேசர். பச்சைக் கோடு,
நான் இல்லாமலே அழகாக இருந்தது.
எல்லாரும் காபிக்குப் போன பிறகு
விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தேன்.
தூசிதான் தெரிந்தது, அதில் ஒரு முழங்கையின் தடம்.
கொஞ்ச நேரம் அதைப் படமெடுத்தேன்.