மூன்றாவது மடை

சிம்மக்கல்லில், மாடிப்படிக்குக் கீழே என் கடை.
காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி,
எப்போதாவது ஒரு கணக்குப் புத்தகம்.

தமீமுன்னிசா மேலூர் பஸ்ஸில் வந்திறங்கினாள்.
உதவிப் பொறியாளர். கையில் பென்டிரைவ்,
கண்மாய்ச் சங்கங்களுக்கு நாற்பது பக்கக் கையேடு.
"சூத்திரம் எல்லாம் தமிழ்ல வேணும்.
வி, ஏன்னு போட்டா
அடுத்த பக்கம் புரட்ட மாட்டாங்க."

அடித்தேன்:
கொள்ளளவு சமம் பரப்பு பெருக்கல் ஆழம்.
திரையில் வந்தது வேறு.
க, தனியே.
அப்புறம் ஒரு கொம்பும் காலும்
புள்ளிகளாலான வட்டம் ஒன்றை நடுவில் சுமந்துகொண்டு.
ள. அதன் புள்ளி அதன் தலையில் இல்லை,
பக்கத்து வட்டத்தின் தலையில்.
பிறகு ள, ள, வ,
கடைசியில் ஆளில்லாத ஓர் உகரம்.
சண்டை போட்ட பங்காளிகள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி
ஒருவருக்கும் ஒருவருக்கும் நடுவே ஓர் இலை காலி.

எழுத்துருவைத் திட்டினேன் முதலில்.
நான்கு மாற்றினேன்.
ஒன்றில் வட்டம் சிறியது, இன்னொன்றில் கறுப்பு,
அவ்வளவுதான் வித்தியாசம்.
பிறகு கையால்:
இதை ஒன்றரைப் புள்ளி பின்னால் இழு,
அதை முக்கால் புள்ளி.
பன்னிரண்டாம் பக்கத்தில் சரியாக உட்கார்ந்தது
பத்தொன்பதில் கீழ்க்குறியாகச் சிறுத்தபோது
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது,
பெரியார் நிலையத்தில் ஆறு மணி பஸ்.

அந்த நிலையிலேயே ஒரு பிரதி எடுத்துப் போய்
உப்போடைப்பட்டி சங்கத் தலைவரிடம் காட்டியிருக்கிறாள்.
சேவுகப்பெருமாள் கண்ணாடி போட்டுப் பார்த்து,
"கொள்ளளவுல மூணு வட்டம் இருக்கே,
இது மடையாம்மா?
எங்க கண்மாய்க்கு ரெண்டுதானே."

ராத்திரி கரண்டு போய்
யுபிஎஸ் கீச்சிட்டுக் கொண்டிருந்த பத்து நிமிடத்தில்
திரையைப் பார்க்காமல் யோசித்தபோதுதான் பிடிபட்டது.
கணக்குக்குள் நுழைந்துவிட்டால்
எழுத்து எழுத்தில்லை, ஓர் அளவு.
அருகருகே நின்றால் பெருக்கல்.
நான் ஒரு சொல்லைக் கொடுத்தேன்,
அது எட்டுப் பேரைப் பெருக்கச் சொன்னதாக
எடுத்துக்கொண்டு
ஒவ்வொருவருக்கும் மரியாதையாக இடம்விட்டிருக்கிறது.
ககரத்தை ஒரு கொம்பால் பெருக்கினால் என்ன வரும்,
பாவம், அதற்கும் தெரியாது,
தெரியாத இடத்திலெல்லாம் வட்டம் போட்டிருக்கிறது.

தமிழில் பிறந்தவனுக்கு இது தோன்றாதுதான்.
பக்கத்தில் வந்தாலே சேர்ந்துவிடுகிற எழுத்து நம்முடையது,
வேண்டிய இடத்தில் ஒற்று தானாக முளைக்கும்.

கரண்டு வந்ததும்
இழுத்த புள்ளிகளை எல்லாம் அழித்தேன், இருநூற்றுப் பதினாறு.
கோப்பின் தலையில் ஒரே ஒரு வரி:
இது பெருக்கல் இல்லை, சொல்.
கொம்பு ககரத்தின் முன்னால் போய் நின்றது.
புள்ளி ளகரத்தில் ஏறியது.
உகரம் வகரத்தின் காலைப் பிடித்துக்கொண்டது.
கொள்ளளவு.
வாய்விட்டு ஒருமுறை படித்தேன்,
எதிர்க்கடை செராக்ஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

முப்பத்தோராம் பக்கத்தில் அவள் விட்டுவைத்த
சாய்ந்த எஃப் ஒன்று மட்டும்
அடைப்புக்குறியில் தலையை இடித்துக்கொண்டே இருந்தது.
அதற்கு மயிரிழை இடம் கொடுத்தேன், கையால்தான்.
எல்லாவற்றுக்கும் ஒரு வரி கிடைப்பதில்லை.

கையேடு போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும்.
பின்னட்டையில் கடை நம்பர் பார்த்து ஒரு போன்.
"சேவுகப்பெருமாள் பேசுறேன்.
அந்த மூணாவது மடைய எடுத்துட்டீங்களா?"
எழுத்துப் பிழை ஐயா, சரிபண்ணிட்டோம், என்றேன்.
அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம்.
"இருந்திருக்கலாம்," என்றார்,
"கடைசி வயலுக்குத்
தண்ணி ஏறவே மாட்டேங்குது."