இருப்புக் கணக்கு

அந்தாக்யாவில் வரிக்கணக்கு எழுதுகிறவன் நான்.
என் அலுவலகம் இருந்த மூன்றாம் மாடி
இப்போது தரைத்தளத்துக்கும் கீழே இருக்கிறது.
ஆகவே இந்தத் தகரப் பெட்டி வீடு,
ஒரு மடக்கு மேசை,
ஏழாம் எண் அழுந்தாத கால்குலேட்டர்.

எதிரே சோப்புக்கடை நெஸிஹே.
படிவத்தில் பதினான்காம் கட்டம் கேட்கிறது:
அழிந்த சரக்கு, அளவு, மதிப்பு, ஆதாரம்.

‘லாரல் எண்ணெய்ச் சோப்பு,
நாலாயிரத்து இருநூறு கட்டி.’

ஆதாரம்?

‘மூன்றாம் நாள் மழை பெய்ததே,
நீ அங்கே இல்லையா?’

இருந்தேன்.
இடிபாட்டுக்கு அடியிலிருந்து
பச்சிலை வாசத்தோடு நுரை வந்தது.
முறுக்கிய கம்பிகளுக்கிடையில் பொங்கி
அவசரமில்லாமல் தெருவில் இறங்கியது.
தோண்டிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.
மூன்று நாளாய் முகம் கழுவாதவர்கள்.
ஒருவன் கூச்சத்தோடு குனிந்து
இரண்டு கையாலும் அள்ளி
முழங்கை வரை தேய்த்துக்கொண்டான்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கட்டத்தின் அகலம் நான்கு விரற்கடை.

நிலநடுக்க வரி என்று ஒன்று உண்டு எங்களிடம்.
முந்தைய நடுக்கத்தின்போது
கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி வந்தது.
கொஞ்ச நாளைக்கு என்று வரும் விருந்தாளியைப் போல
தொலைபேசிக் கட்டணத்துக்குள் படுத்துக்கொண்டது.
இருபது வருடத்துக்கு மேல் கட்டினாள் நெஸிஹே.
தம்பி சுஹெய்லிடம் ‘சாப்பிட்டாயா’ என்றதற்கு,
‘ஸ்வெட்டர் போடு’ என்றதற்கு,
சண்டை போட்டுவிட்டு
இருவரும் வைக்காமல் பிடித்திருந்த
அந்த மௌனத்துக்கும்.
அன்று விடியுமுன் நாற்பத்தாறு முறை அழைத்தாள்.
இணைப்பு கிடைக்கவில்லை.
கிடைக்காத அழைப்புக்கு வரி கிடையாது.
அந்த அளவுக்கு நியாயமான அரசுதான்.

ஆறு பெட்டிக்கு ஒரு குளியலறை இங்கே.
செவ்வாய்க்கிழமை எனக்கு, ஏழு நிமிடம்.
கண்ணாடி மறையும்வரை வெந்நீரில் நின்றவன் நான்.
இப்போது ஒரே வாளி.
தலைக்கு ஊற்றியது சட்டைக்கு,
சட்டையில் பிழிந்தது தரைக்கு.
அழுக்கும் தவணையில்தான் போகிறது.

தண்ணீர் இல்லாத முதல் வாரம்
தயம்மும் செய்துதான் தொழுதார்கள்.
மண்ணைத் தொட்டு முகம் துடைத்தால் போதும்,
மண் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவே.
நெஸிஹே தூசியில் கைவைக்கப் போனாள்.
வைக்காமல் எழுந்துகொண்டாள்.
யார் வீட்டுச் சுவர் என்று தெரியவில்லையாம்.

சலவை இயந்திரங்கள் உள்ள கூடாரத்தில் ஒரு டிவி.
முறைக்குக் காத்திருக்கும்போது உலகம் ஓடும்.
ஸ்பெயினில் வெள்ளம்,
கழுவக் குவித்த பாத்திரம்போல
கார்மேல் கார்.
எங்கோ ஒரு தீவில் காடு எரிந்து
கடற்கரைவரை வந்து மனிதர்கள்.
பிரேசிலில் ஒரு பெண்
சேறேறிய மெத்தையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
‘ஈரத்தில் தேய்க்காதே’ என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள் நெஸிஹே,
‘காயவிடு, பிறகு தட்டு, அப்புறம்தான் தண்ணீர்!’
அவள் கேட்கவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

நேற்றுக் கடிதம் வந்தது.
அசாதாரண நிலை முடிவடைந்ததாகத் தெரிவிக்கிறார்கள்.
முப்பது நாளுக்குள் நிலுவை, அபராதமின்றி.
எங்களைக் கைகழுவியவர்களுக்குச்
சுத்தமான கையெழுத்து.

‘நாலாயிரத்து இருநூறு’ என்று எழுதப்போனேன்.
‘பொறு. ஒன்று குறை’ என்றாள்.
பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம்.
மண்வெட்டி இயந்திரத்தின் பல்லில் இருந்ததாம்,
ஓரத்தில் சிமெண்டு மணல் பதிந்த
ஒரு பச்சைக் கட்டி.
‘இது அழியவில்லை. பொய்க்கணக்கு எழுதாதே.’

அடித்துத் திருத்தினேன்.
கையிருப்பு: ஒன்று.
மதிப்பு என்ன போட,
அடக்க விலையா, சந்தை விலையா என்றேன்.

‘எந்தச் சந்தை?’ என்றாள்.