இருந்தது மாதிரி

கொட்டகைச் சாவி
பள்ளத்தூரில் பஞ்சர் கடை அடைக்கலத்திடம் இருந்தது,
பழைய டியூப் வளையத்தில் கோத்து.
ராத்திரிக்கு எண்ணூறு.
கரண்டு கிடையாது. குடிதண்ணீர் நீங்களே.
"நான் அந்தப் பக்கம் போயி வருஷமாச்சு.
வெறகு கட்டிலுக்கடியில இருக்கும், எரிச்சுக்கங்க,
போறப்ப இருந்தது மாதிரி இருக்கணும்."
முன்பாதி எங்கள் காதில் விழுந்தது.
பின்பாதியை அப்போது கடந்த டவுன்பஸ்
கொண்டுபோய்விட்டது.

மார்கழி எட்டு.
உமையாள் கொடைக்கானலில் வாங்கிய குரங்குக் குல்லாவில் வந்தாள்.
ரெஜினா தோளில் பைனாகுலர்.
என் கேரியரில் அரிசி, கருவாடு, தண்ணீர்க் கேன்.
ஒன்பது கிலோமீட்டர்.
தார் முடிந்து, சரளை முடிந்து,
முந்திரித் தோப்புக்குள் செம்மண் மட்டும்.
நேற்றைய தூறலில் அது மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ள
பாதி தூரம் சைக்கிள்களை நாங்கள் சுமந்தோம்.
இதற்கா லீவு போட்டோம் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்கக் கூடாதென்று
மூவரும் தனித்தனியே முடிவெடுத்திருந்தோம்.

செம்புராங்கல் சுவர் நாலு, மேலே சிமெண்டு ஷீட்.
முந்திரிக் காவலுக்குக் கட்டியதாம்.
எலிப்புழுக்கை, மூலையில் மொட்டை அரிவாள்,
ஒரு கயிற்றுக் கட்டில்.
அதனடியில் யூரியா சாக்குப் போர்த்தி
ஒரே அளவில் வெட்டி அடுக்கிய விறகு.
சுள்ளி தனி. சிராய் தனி.
பாலிதீன் பையில் முடிந்து ஒரு தீப்பெட்டி.

அள்ளி எரித்தோம்.
சோற்றுக்கு எரித்தோம், வெந்நீருக்கு எரித்தோம்,
பிறகு எதற்குமில்லாமல்
நன்றாக எரிகிறதே என்று எரித்தோம்.
உமையாள் தன் நாத்தனாராகப் பேசிக்காட்டினாள்.
ரெஜினா சிரித்துச் சிரித்து விக்கினாள்.
ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி அவளுக்கு,
ராத்திரியில் சிரித்து எத்தனை நாளோ.

விடியலில் கண்மாய்.
தண்ணீர்மேல் முழங்கால் உயரம் பனி.
ஊசிவால் வாத்துகள், நாற்பதோ ஐம்பதோ,
தலைகீழாய்க் கவிழ்ந்து
பின்பக்கத்தை மட்டும் எங்களுக்குக் காட்டின.
எவ்வளவு தூரம் பறந்து வந்து
இந்தச் சகதியில் தலையை விடுகின்றன.
"நம்மள மாதிரி" என்றாள் ரெஜினா.

பத்து மணிக்குப் பிடித்த மழை
விடவில்லை.
கட்டிலுக்கடியில் கைவிட்டேன்:
மூன்று கட்டை, ஒரு பிடி சிராய்.
அதில் கஞ்சி வைத்து
ஒரே ஜமுக்காளத்துக்குள் மூவரும் உட்கார்ந்து
குளிர்கிறது என்றோம்.
இருபது டிகிரிதான் இருக்கும்.
குளிர்ந்தது.

அப்போதுதான் பின்பாதி வந்தது,
டவுன்பஸ் காரைக்குடி போய்
டிரிப் முடித்துத் திரும்பியதுபோல.

யார் வெட்டியது?
எங்களுக்கு முந்தி வந்தவர்கள்.
தங்களுக்கு முந்தி வந்தவர்கள் விட்டதை எரித்தவர்கள்.
சுவரில் கரியால் நாலு கோடு, குறுக்கே ஒன்று;
சீட்டாட்டக் கணக்காக இருக்கலாம்.
வேறு தடயமில்லை.

மறுநாள் வெயில்.
வாத்துப் பார்க்க யாரும் போகவில்லை.
மொட்டை அரிவாளோடு சீமைக்கருவேலத்திடம் மல்லுக்கு நின்றோம்.
தைலமரப் பட்டை பொறுக்கினோம்.
ஷீட்மேல் பரப்பிக் காயப்போட்டோம்.
உமையாள் நீளமானதை முழங்காலில் வைத்து ஒடிக்க
முழங்கால்தான் முதலில் ஒடியும்போலிருந்தது.
மூன்று மணிவரை பார்த்தும்
பாதிதான் தேறியது. அதுவும் அரை ஈரம்.
ஈரத்தை அடியில் வைத்துக்
காய்ந்ததை மேலே அடுக்கினேன், பார்வைக்கு.
ரெஜினா ஒன்றும் சொல்லாமல் பார்த்தாள்.
கலைத்து மறுபடி அடுக்கினேன்.

அடைக்கலம் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக்
குமிழி தேடிக்கொண்டிருந்தார்.
நிமிராமல் ஆணியைக் காட்டினார்.
சாவியை மாட்டினேன்.
விறகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
ஆணிக்குப் பக்கத்துக் காலண்டரில்
வெள்ளிக்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம்.

திங்கட்கிழமை, கூட்டுறவு வங்கிக் கவுண்ட்டரில்
நோட்டு எண்ணும் கட்டைவிரலில்
இன்னும் அந்தக் கருவேல முள்.
வெள்ளிவரை மழை என்கிறது ரேடியோ.

அரை ஈரம்தான்.
புகையும். கண் கரிக்கும்.
விடாமல் ஊதினால்
பிடித்துக்கொள்ளும்.